கொசு அக்காவின் ஆட்காட்டி விரல்

கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, கொசு அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நம் கையைப் பார்க்கவே மாட்டார். அவருடைய இடதுகை ஆட்காட்டி விரல் மட்டும் முழங்கை மடிப்பில் இறங்கி, அழுத்தி, விட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அழுத்தும். வாய் அதன் பாட்டுக்கு வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். "எதிர் மாடியில பாருங்க சார், வானம் இருட்டிக்கிட்டு வருது, அந்தம்மா இப்பதான் துணி காயப்போடுது." பேச்சு பாதியில் நிற்கும், விரலும் நின்றிருக்கும். "ம், சிக்கிட்டார்." அதற்குப் பிறகுதான் முகம் திரும்பும், பஞ்சு வரும், ஊசி வரும். நான் பல்லைக் கடித்துத் தயாராவதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும்.

நான் இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்ட ஆள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்; அது அளவோடு வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் கொடுத்தாக வேண்டும். கொடுக்க எனக்குச் சம்மதம்தான், என் ரத்தக்குழாய்களுக்குச் சம்மதமில்லை. ஊசியைக் கண்டதும் எங்கோ போய்ப் பதுங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். இந்த வயதில் ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, பயமாக இருக்கிறதே. அந்த ஒரு விரலை நம்பித்தான் இரண்டு பஸ் மாறி இந்தச் சின்ன லேபுக்கு வருகிறேன்.

'கொசு' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அழுகிற குழந்தைகளிடம் "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அவ்ளோதான்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் ஒரு வாண்டு வாசலில் நின்று "கொசு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டது. அதோடு சொந்தப் பெயர் போயே போச்சு. லேபை நடத்தும் டாக்டரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் அக்கா என்கிறேன். "என்னைவிடப் பத்து வயசு மூத்தவர் நீங்க, அக்காங்கிறீங்க. நல்லாருக்கு உங்க நியாயம்" என்று சொல்லிக்கொண்டே பட்டையை இறுக்குவார்.

அவருக்கு ஆட்களின் முகம் மனதில் நிற்காது. கைதான் நிற்கும். வருடக்கணக்காக வருகிறவரைத் தெருவில் பார்த்தால் யாரோ என்று போய்விடுவார், அதே ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டால் "அடடே, நீங்களா!" என்று நிற்பார். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களின் முன்கைகளை வெறித்துப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "நேத்து ஒருத்தரைப் பார்த்தேன் சார். என்ன வெயின், என்ன வெயின்! கயிறு மாதிரி. கண்ணை மூடிட்டுக் குத்தலாம். கொடுத்துவெச்சவர்." பெண் பார்க்க வந்த அன்றும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தாள் என்று அந்த மனிதர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு நாள் விரல் என் முழங்கை மடிப்பில் இறங்கியது, அழுத்தியது, நகர்ந்தது, நிற்கவில்லை. எதிர் மாடியைப் பற்றிய பேச்சு தீர்ந்துபோயிற்று. அக்கா முகத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தார். விமானம் ஓட்டுகிறவர் திரும்பி நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும்! அன்று இரண்டு இடத்தில் குத்து வாங்கினேன்.

"விரல் நுனியில பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கு சார். பிச்சு எடுக்கலாம்னு பாக்குறேன், அங்க பிளாஸ்திரியே இல்ல" என்றார். கட்டைவிரலும் அப்படித்தானாம். முதுகில் தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு வலி. மேல் அலமாரியில் இருக்கிற குழாய்ப் பெட்டியை அண்ணாந்து பார்த்து எடுத்தால், தோளிலிருந்து கை வழியாக விரல் வரைக்கும் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. வீட்டில் தண்ணீர் ஜாடியைத் தூக்கினால் இடதுகை தானாகத் தாழ்ந்துவிடுகிறது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எதற்கும் எதற்கும் சம்பந்தம் என்ன, ஒன்றும் விளங்கவில்லை.

இடதுகை வலி என்றதும் நான் விடுவேனா? இதயத்தில் அனுபவஸ்தன் அல்லவா! "ஹார்ட்தான், இப்பவே போய்ப் பாருங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பாவம், மறுநாள் காலையிலேயே போய் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு வந்தார். இதயம் பளிச்சென்று இருந்தது. "உங்க பேச்சைக் கேட்டு ஒரு ராத்திரி பூரா செத்துப் பொழச்சேன்" என்றார்.

அடுத்து நடந்தது லேபில் வேலை பார்க்கிறவர்களால் மட்டுமே செய்ய முடிந்த காரியம். உள்ளறையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. ரத்தத்தில் தெரியாத வியாதி உலகத்தில் கிடையாது என்பது அவர் கொள்கை. அக்காவுக்கும் அதே கொள்கைதான். ஆயுள் முழுக்க ஊர் ரத்தத்தை எடுத்தவர் வேறு எதை நம்புவார்? இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். பி12, கால்சியம், வாதத்துக்கு உள்ள சோதனைகள், எதையும் விடவில்லை. அண்ணனுக்கு ரத்தம் எடுக்கத் தெரியாது. அதனால் அக்காவே தன் இடதுகையில் பட்டையைக் கட்டி, ஒரு முனையைப் பல்லால் இழுத்து, வலதுகையால் ஊசி போட்டுக்கொண்டார். எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் இருவர் முகமும் தொங்கிப்போகும்.

"அண்ணா, மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"மிஷின் நேத்துதான் சர்வீஸ் ஆச்சு. வேணும்னா என் ரத்தத்தைப் போட்டுப் பாக்குறேன்."

போட்டுப் பார்த்தார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. அன்றிலிருந்து அவர் டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார். அக்காவிடம் பேசும்போது கொஞ்சம் விறைப்பாகவும் இருந்தார்.

கணவருக்கோ சந்தேகமே இல்லை. தலையணைதான் காரணம். மனிதனுக்கு வருகிற நோயெல்லாம் தப்பான தலையணையால் வருகிறது என்று கடையில் தினமும் பேசிப் பேசி, அவருக்கே அது வேதமாகிவிட்டது. வாரம் ஒன்றாகத் தலையணை வந்து இறங்கியது. நடுவில் பள்ளம் உள்ளது, அலை மாதிரி வளைந்தது, அமுக்கினால் மெதுவாக எழுந்து வருவது. "படுக்கையில மனுஷனுக்கு இடமில்ல சார். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தலையைத் தூக்கி வெக்கிறாரு, விடிஞ்சா கை இன்னும் மோசம். சொன்னா, 'பழகணும், பழகணும்'ங்கிறாரு" என்று அக்கா அலுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் அவருக்கே தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. இடதுகையைத் தூக்கி உச்சந்தலை மேல் வைத்துக்கொண்டால் கரண்ட் நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியாது. நிற்கிறது, அதுதான் வேண்டியது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் தலையில் கை வைத்தபடி உட்கார ஆரம்பித்தார். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? குடும்பத்தில் ஏதோ இடி விழுந்துவிட்டது என்றுதானே! "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். இல்லை, ஒன்றுமில்லை, கை வலி என்றால் யார் நம்புகிறார்கள்?

ஒரு நாள் நான் காத்திருக்கும்போது, முறுக்கு மீசையும் கடோத்கஜ உடம்புமாக ஒருவர் ரிசல்ட் வாங்க வந்தார். அக்கா ஒரு கையில் அவருடைய ரிப்போர்ட்டைப் பிடித்து, மறு கையைத் தலையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பெஞ்சில் சரிந்தார்.

"எவ்வளவு நாள் இருக்கு மேடம்?"

"எதுக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கு, எண்ணெயைக் குறைச்சுக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகும்போது அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையைத் தலையிலிருந்து இறக்கிய உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சிரிப்பு எனக்கும் அதோடு போயிற்று. அதே வாரம் வயதான ஓர் அம்மாளுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார். காகிதம் போன்ற தோல். விரல் 'இங்கே' என்று சொன்னது போல இருந்ததாம். குத்தினால் அங்கே எதுவும் இல்லை. இன்னொரு இடம். அங்கே ஊசி ரத்தக்குழாயைத் தாண்டிப் போய், ரத்தம் தோலுக்கடியில் பரவி, முழங்கை மடிப்பு முழுக்க நீலம் கட்டிவிட்டது. அந்த அம்மாள் "பரவாயில்லம்மா, குத்தினது உன் கைதானே" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை. அன்று மதியமே அக்கா டாக்டரம்மாவிடம் போய், விரல் சரியாகும் வரை ஊசி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. டாக்டரம்மா அவரை முன்பக்கம் கவுண்டரில் உட்காரவைத்து, ஊசி போட இன்னொரு கிளையிலிருந்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார். உடனே நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

நரம்பு டாக்டரிடம் கணவரும் போனார், கக்கத்தில் ஒரு தலையணையோடு. டாக்டர் தன் அறைக்குள் நுழையும்போதே, வெளியே நாற்காலியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து நின்றுவிட்டாராம்.

"எப்பலேர்ந்து கையை அங்க வெச்சிருக்கீங்க?"

"மன்னிச்சுக்கோங்க டாக்டர், பழக்கமாயிடுச்சு" என்று அக்கா அவசரமாக இறக்கினார்.

"ஏன் இறக்குறீங்க? இறக்கினா என்ன ஆகுது?"

"கரண்ட் அடிக்குது."

"தூக்கினா?"

"நிக்குது."

"உள்ள வாங்க. கழுத்தைப் பாக்கலாம்."

இந்த இடத்தில்தான் அக்காவுக்குக் குழப்பத்தில் தலை சுற்ற ஆரம்பித்தது. இன்று வரை நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கிற வட்டு ஒன்று, தன் இடத்தை விட்டு இடப்பக்கமாகப் பிதுங்கி, கைக்கு இறங்குகிற ஒரு நரம்பை அதன் வேரிலேயே நெருக்குகிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் உணர்ச்சி அந்த நரம்பு வழியாகத்தான். தலையில் கை வைத்தால் நரம்பின் இழுப்பு தளர்கிறது, அதனால் வலி குறைகிறது. மெத்தை என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" டாக்டர் அவர் கையிலிருந்த தலையணையை வாங்கிப் பார்த்து, இவ்வளவு உயரம் ஆகாது, மெல்லியதாக ஒன்று போதும் என்று திருப்பிக் கொடுத்தார். வீடு திரும்பும் வழி நெடுக அவர் அதை மடியில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அக்கா டாக்டரோடு சண்டையே போட்டிருக்கிறார்.

"கழுத்து ஒரு நாள்கூட வலிச்சதில்ல டாக்டர். விரல் மரத்துப்போச்சுன்னு வந்தா, கழுத்துல கோளாறுங்கிறீங்க."

"நிறையப் பேருக்குக் கழுத்து வலிக்காதும்மா. நரம்பு எங்க போய் முடியுதோ அங்கதான் தெரியும்."

"அப்ப விரல்ல என்ன தப்பு?"

"விரல்ல ஒரு தப்பும் இல்ல. அது ஒழுங்காத்தான் தொடுது. தொட்டது மேல போய்ச் சேரல."

"சேரலன்னா, அப்ப தொட்டது யாரு? விரலா, நானா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். மாத்திரை எழுதினார், கழுத்துக்குப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார், குனிந்தே வேலை செய்யக்கூடாது என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கத்தி இல்லாமலேயே தணிந்துவிடும். கையில் பலம் இன்னும் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வர வேண்டும். விரலின் உணர்ச்சி? "வரும்னுதான் எதிர்பார்க்கிறேன். எப்ப, எவ்வளவுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அதற்கடுத்து நான் போனபோது அக்கா கவுண்டரில் ரசீது போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தை நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வலி வெகுவாகக் குறைந்துவிட்டதாம். சந்தோஷப்பட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வலி போயிடுச்சு சார், மரப்பு போகல. வலி இருந்தப்பவாவது கை என்னோடதுன்னு தெரிஞ்சுது. இது நல்லதா கெட்டதான்னே புரியல. டாக்டர் நல்லதுங்கிறாரு. வீட்டுக்காரர் கையைத் தினம் தொட்டு வெயினைத் தேடிப் பாக்குறேன். ஒரு நாள் லேசா தெரியுது, மறுநாள் தெரியல. தெரிஞ்சது நெஜமா, நானா நெனச்சுக்கிட்டதான்னு அதுவும் தெரியல." ரசீதைக் கிழித்து நீட்டினார். "இங்க உக்காந்து ரசீது போட எத்தனையோ பேர் கிடைப்பாங்க. அந்த விரல் வரலன்னா நான் இங்க யாரு, சொல்லுங்க."

சரியாகிவிடும் என்று உப்புச் சப்பில்லாமல் ஏதோ சொன்னேன். இதயம் என்று அடித்துச் சொன்ன அதே வாயால் சொல்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

உள்ளே புதிய டெக்னீஷியன் நல்ல மனிதர். பதவிசாகப் பேசினார். என் வலது முழங்கையில் குத்தினார், ஒன்றும் வரவில்லை. வலது புறங்கையில் குத்தினார். நீல மூடிக் குழாயில் துளி ஏறி நின்றுவிட்டது. என் சோதனைக்கு அந்தக் குழாய் கோடு வரைக்கும் நிரம்ப வேண்டும், அரைகுறையாக இருந்தால் குப்பைக்குத்தான். எனக்கு வியர்த்தது. அவருக்கும் வியர்த்தது. "இன்னொரு நாள் வர்றீங்களா சார்?" என்றார். மாத்திரை அளவு தெரியாமல் இன்னொரு நாள் வரை எப்படி இருப்பது? கோபமும் பயமுமாக, கொஞ்சம் உரக்கவே "அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா வந்து வாசலில் நின்றார். என் வலதுகையில் ஒட்டியிருந்த இரண்டு பஞ்சையும் பார்த்தார். உள்ளே வருவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியாத மாதிரி கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். அப்புறம் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். குனியக்கூடாது என்பதால் உயரம் குறைந்த முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, என் இடதுகையில் பட்டையைக் கட்டினார். ஆட்காட்டி விரலை வைத்தார். அழுத்தினார். நகர்த்தினார். எவ்வளவு நேரம் அப்படியே போனதோ. நடுவிரலை வைத்துப் பார்த்தார். அதற்கு அந்தப் பழக்கமில்லை போலும், எடுத்துவிட்டார். கண்கள் நிறைந்திருந்தன.

"தெரியல சார்" என்றார் மெல்ல. "ஊசி போடுற கை நல்லாத்தான் இருக்கு. எங்கன்னுதான் தெரியல."

புதியவர் தொண்டையைக் கனைத்தார். நான் ஒரு நொடி, எழுந்து போய்விடலாம், வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அக்கா என் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று அதை எடுத்து, என் ஆட்காட்டி விரலை மட்டும் பிரித்து, என் இடது முழங்கை மடிப்பில் கொண்டுபோய் வைத்தார். தன் விரல்களை அதன்மேல் வைத்து அழுத்தினார், விட்டார், கொஞ்சம் நகர்த்தினார்.

"அமுக்குங்க. தசைன்னா கல்லாட்டம் இருக்கும், விட்டுருங்க. அமுக்கி விட்டதும் எம்பி வரும் பாருங்க, அதுதான். வருதா?"

"தெரியலக்கா. வர்ற மாதிரி இருக்கு."

"மாதிரி வேணாம். இன்னும் கொஞ்சம் உள்பக்கம்."

என் விரலுக்கடியில் ஏதோ ஒன்று மெத்தென்று அமுங்கி, மெல்ல எழுந்து வந்தது. இத்தனை வருடம் என் கையில் இருந்ததை நான் தொட்டதே இல்லை.

"இங்க" என்றேன்.

அக்கா 'நிஜமாகவா' என்று கேட்கவில்லை. என் விரல் நகர்ந்துவிடாதபடி தன் இடதுகையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலதுகையை நீட்டிப் பஞ்சை எடுத்தார்.